வலது தூணில் விழாத பூட்டு

என் தம்பியின் வலக்கையைப் பறித்தவன் நான். அந்தப் பழியை அவன் மேலேயே போட்டவனும் நான்தான். ஏழு ஆண்டுகள் இதை மறைத்து வாழ்ந்தேன்... உங்களிடம் மறைக்கப் போவதில்லை.

நான் திண்டுக்கல்லில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். தம்பி சவரிமுத்து வத்தலக்குண்டில் கார் மெக்கானிக். கொடைக்கானல் ஏறும் வண்டிகளைப் பழுது பார்த்தே நரைத்தவன். பட்டறையை மூடியபோது, அங்கிருந்த ஹைட்ராலிக் லிஃப்டை என் வீட்டுக் கார் கொட்டகையில் கொண்டுவந்து நிறுத்தினான். இரண்டு தூண்கள், நடுவில் கார்; தூண்களிலிருந்து நீளும் இரும்புக் கைகளின் நுனியில் காரைத் தாங்கும் ரப்பர் பேடுகள். சனிக்கிழமைதோறும் பஸ்ஸில் வந்து, பழைய வாடிக்கைக்காரர்களின் வண்டிகளை அதில் ஏற்றிப் பார்ப்பான்.

பட்டறை இரைச்சலில் அவனுக்குக் காது மந்தமாகியிருந்தது. கார் மேலேறியதும் தூணுக்கு ஒன்றாக இரண்டு பூட்டுகள் ‘டக்’கென்று விழ வேண்டும். விழுந்தால்தான் அடியில் போகலாம். அந்தச் சத்தத்தை அவனுக்காகக் கேட்பது என் வேலை. இரண்டும் கேட்டதும் கையை உயர்த்துவேன். என் கையைப் பார்த்துவிட்டு அவன் உள்ளே போவான்.

ஒரு சமயம் லிஃப்ட் கோணலாக ஏறத் தொடங்கியது. இடப்பக்கம் முந்தியது, வலப்பக்கம் பிந்தியது.

“ஆயில்ல காத்து புகுந்திருக்கும்ண்ணே. இல்லாட்டி ரோப்பு தொய்ஞ்சிருக்கும். மதுரையில இருந்து ஆளு வரட்டும். அதுவரைக்கும் தொட்றாதீங்க” என்றான்.

“முப்பது வருசம் ஸ்பேனர் பிடிச்சவனுக்கு ஆளு வேணுமாக்கும்” என்று கேலி செய்தேன்.

அவன் வராத ஒரு நாளில், இரு பக்கத்தையும் ஒன்றாக இழுக்கும் அந்தக் கம்பிவடத்தை நானே முறுக்கினேன். இரு பக்கத்தையும் பூட்டில் உட்காரவைத்த பிறகே அதன் மரையில் கைவைக்க வேண்டுமாம். எனக்குத் தெரியாது. யாரையும் கேட்கவும் தோன்றவில்லை... வாத்தியார் அல்லவா! ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். குமிழி நடுவில் நின்றது. அது போதும் என்றிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை கார் நேராக ஏறியது. தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். “படிச்ச ஆளு படிச்ச ஆளுதான்.”

இடது பூட்டு விழுந்தது. வலது... விழவில்லை. காத்திருந்தேன். மௌனம்.

“ரெண்டும் விழுந்துச்சாண்ணே?”

கையை உயர்த்தினேன்.

ஏன் உயர்த்தினேன்? எத்தனையோ முறை என்னையே கேட்டுவிட்டேன். இல்லை என்றால் என் வேலை தவறு என்றாகிவிடும். அவ்வளவுதான். அதைவிடப் பெரிய காரணம் ஏதேனும் இருந்திருக்கக் கூடாதா!

சற்று நேரத்தில் வடம் மரையிலிருந்து நழுவியது. வலப்பக்கம் ஒரு முழம் இறங்கி, கார் தூணின் மேல் சாய்ந்தது. இடையில் அவன் கை.

ஆஸ்பத்திரி வாசலில் என்ன நடந்தது என்று உறவினர்கள் கேட்டார்கள். “தாங்குற ரப்பர் பேடு ஓரமா வெச்சுட்டான். கார் வழுக்கிருச்சு” என்றேன். என்னைத் தவிர வேறு சாட்சி இல்லை. தம்பியும் நம்பினான்! மணிக்கட்டோடு கையை எடுத்த பிறகு, வந்து பார்த்தவர்களிடமெல்லாம் அவனே சொன்னான்: “தப்பு என்னுதுதான். அண்ணன் பாத்துச்சு.” யாராவது வண்டியில் ஏதோ சத்தம் வருகிறது என்று யோசனை கேட்டு வந்தால்கூட, “எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா” என்று அனுப்பிவிடுவான். நான் எடுத்தது கையை மட்டுமல்ல.

தவக்காலந்தோறும் பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். “பொய் சொன்னேன், சாமி.” எந்தப் பொய் என்று அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. மன்னிப்புப் பெற்று வீடு திரும்பினேன்... ஏழு முறை!

சென்ற தை மாதம் வத்தலக்குண்டுக்குப் போனேன். அவனுக்குக் காது அநேகமாகப் போய்விட்டது. மெல்லச் சொல்ல வழியில்லை. என் பாவத்தைக் கூவித்தான் சொல்ல வேண்டியிருந்தது. அடுப்படியில் அவன் மனைவியின் கரண்டிச் சத்தம் நின்றது.

 அவன் ஒன்றே ஒன்று கேட்டான்.

“அப்ப... பேடு நான் சரியாத்தான் வெச்சிருந்தேனா?”

“சரியாத்தான்டா வெச்சிருந்த.”

எழுந்து உள்ளே போனான். வெளியே வரவில்லை.

இப்போது வண்டிக்காரர்கள் அவனைத் தேடி வருகிறார்களாம். இடக்கையால் சுட்டிக்காட்டி, பையன்களை வைத்து வேலை வாங்குகிறானாம். கேள்விப்பட்டு மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சிக்கும் எனக்கு உரிமை உண்டா?

போன மாதம் ஒரு கல்யாணத்தில் எதிரே வந்தான். ஒதுங்கிப் போகவில்லை. நின்றான். ஊரார் என்னை அழைப்பதுபோலவே அழைத்தான்.

“நல்லாருக்கீங்களா, சார்?”

நான் தலையசைத்தேன். அவன் பந்திக்குப் போய்விட்டான்.