சத்யப்ரியாவின் எட்டாம் பாகம்

லீமா போனில் தொடர்கதை எழுதுகிறவள். மரக்காணத்தில் இந்தச் சங்கதி ஒருவருக்கும் தெரியாது, புருஷன் பிராங்க்ளினுக்கும் தெரியாது. உப்பு ஏற்றும் லாரிக்காரர்களோடு நாள் முழுக்க மல்லுக்கட்டிவிட்டு வருகிறவன், பொண்டாட்டி சமையல் வீடியோ பார்க்கிறாள் என்று நினைத்துக்கொள்வான். நினைக்கட்டுமே! அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்தது அந்தக் கதை ஒன்றுதான்.

கதாநாயகி சத்யப்ரியா ஏழாம் பாகத்தில் புருஷனை விட்டுக் கிளம்பினாள். பையை எடுத்தாள், பஸ் ஏறினாள், போய்விட்டாள். கதையைப் படித்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். "இப்படியா ஒருத்தி போவா? நம்பவே முடியல. இவளுக்குப் பயமே கெடையாதா?" என்று ஒருத்தி எழுதியிருந்தாள். லீமாவுக்குச் சுருக்கென்றது. யார் பெற்ற மகளோ, சொன்னது நியாயம்தான்.

சரி, நாமே பஸ் ஸ்டாப்பில் போய் நின்று பார்த்துவிட்டு எட்டாம் பாகத்தை எழுதுவோம் என்று துணிந்தாள். பிராங்க்ளின் வேலைக்குப் போனதும் பையில் புடவைகளை மடித்து வைத்தாள். பை கனக்காவிட்டால் சத்யப்ரியாவின் கை எப்படி வலிக்கும்? பைத்தியக்காரி, அதோடு நிறுத்தினாளா? எதை விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனசு வராது என்று யோசித்து, அம்மா கொடுத்த ஜெபமாலையையும் ஆணியிலிருந்து கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

பஸ் ஸ்டாப்பில் இரண்டு பக்கமும் உப்பளம். மரமில்லை, மறைவில்லை. ஒருத்தி பையோடு நின்றால் ஊருக்கே தெரியும்.

"இன்னா லீமா, பையும் கையுமா நிக்கிற? தூரமா?" என்றாள் மீன்கூடையோடு வந்த தெய்வநாயகி.

"திண்டிவனம் வரைக்கும்க்கா."

"தனியாவா? பிராங்க்ளின் வந்து ஏத்தி உடல?"

லீமா பையை முதுகுக்குப் பின்னால் தள்ளினாள். ஆகா, இந்தப் பயத்தை அப்படியே எழுதிவிட வேண்டும் என்று ஒரு பக்கம் சந்தோஷம் வேறு. போகிற லாரியெல்லாம் அவளைப் பார்த்து வேகம் குறைத்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? எந்த லாரிக்காரன் போய்ச் சொன்னானோ, பஸ் வருவதற்கு முன்னால் பிராங்க்ளினின் பைக் வந்து நின்றது.

"ஏறு" என்றான். ஏறினாள்.

வீட்டுக்கு வந்ததும் பையைக் கட்டிலில் கொட்டினான். "எங்க கெளம்பின?"

"கதைக்குங்க. நான் ஒரு கதை எழுதுறேன். அதுல வர்ற பொம்பள வீட்ட உட்டுப் போறா, அது எப்படி இருக்கும்னு..."

"பொய் சொன்னாலும் நம்புற மாதிரி சொல்லு லீமா."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவனுக்கும் நம்புகிற மாதிரிதான் வேண்டுமா?

"சரி. ஒங்கள உட்டுட்டுப் போகத்தான் கெளம்பினேன். போதுமா?"

சிரிப்பான், இல்லையென்றால் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் புடவைகளைத் தள்ளிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தான். ஜெபமாலையைக் கையில் எடுத்தான். நிஜமா என்றுகூடக் கேட்கவில்லை, அப்படியே நம்பிவிட்டான்.

"எத்தினி நாளா இந்த நெனப்பு?" என்றான் மெதுவாக.

சும்மா சொன்னேங்க என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் மனசு நாளை எண்ணத் தொடங்கியிருந்தது. சொன்னது பொய்யில்லையோ என்று அப்போதுதான் அவளுக்கே பயம் வந்தது.

எட்டாம் பாகம் எங்கே என்று படித்தவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். லீமாவின் போன் பிராங்க்ளினின் சட்டைப்பையில் இருக்கிறது.