மன்னித்த பிறகும் தனி வீடு

அண்ணன் குடியை நிறுத்தி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்த சமயம். ஒரு சனிக்கிழமை காலையில் என் வீட்டுக்கு வந்தான். நான் முற்றத்தில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். வழக்கமாக ரோட்டிலிருந்தே "ஏட்டி, சாயா உண்டா?" என்று கேட்டுக்கொண்டு வருகிறவன், அன்று பலாமரத்தடியில் வந்து சும்மா நின்றான்.

"நீ போய் அவள விளிச்சுட்டு வா," என்றான். "நான் குடிக்கியது இல்லன்னு ஊருக்கே தெரியும். இனி வரதுக்கு அவளுக்கு என்ன?"

அவள் என்றது அவன் மனைவியை. எங்கள் பக்கத்தில் அண்ணன் மனைவியை மைனி என்போம். மைனி அவன் வீட்டை விட்டுப் போய் நான்கைந்து வருடங்கள் இருக்கும்.

அண்ணன் மினி லாரி ஓட்டினான். செங்கல், எம்சாண்ட், சில நாள் ரப்பர் விறகு. மார்த்தாண்டம் சந்தைப் பக்கம் அவனைத் தெரியாதவர்கள் குறைவு. யாருக்கு என்ன உதவி என்றாலும் வண்டியை எடுத்துக்கொண்டு போய் நிற்பான். அப்பா இறந்த பிறகு என்னைப் படிக்க வைத்தது அவன்தான். நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை ஆனபோது என்னைவிட அவன்தான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். என்னிடம் ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. ஆனால் குடித்துவிட்டு வீட்டுக்குள் போனால் அவன் வேறு ஆள். அந்த வேறு ஆளோடு மைனி கல்யாணமான நாளிலிருந்து வாழ்ந்தாள். கன்னம் வீங்கியிருந்தால் பல்வலி என்பாள். எங்களுக்கும் அது பல்வலி என்று நம்புவது வசதியாக இருந்தது.

கடைசியாக நடந்தது இது. ஒரு மாலை, கஞ்சியில் உப்பு போதவில்லை என்று ஆரம்பித்து, அடுப்பிலிருந்து இறக்கி வைத்த பானையைத் தூக்கி அவள்மேல் கவிழ்த்துவிட்டான். இடது கை முழங்கையிலிருந்து விரல்வரை வெந்துபோனது. ஆஸ்பத்திரியிலிருந்து அவள் வீட்டுக்குத் திரும்பவில்லை. நர்ஸிங் படித்துக்கொண்டிருந்த மகளையும் கூட்டிக்கொண்டு, சிதறாலுக்குப் போகிற ரோட்டில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பிடித்தாள். முந்திரிப்பருப்பு ஆலைக்கு எங்கள் ஊரில் அண்டியாபீஸ் என்று பெயர். அங்கே பருப்புக்குத் தோல் எடுக்கும் வேலைக்குப் போனாள். மகள் படிப்பை முடித்து குவைத்துக்குப் போன பிறகும் வேலையை விடவில்லை.

அண்ணன் தனியாகக் கிடந்து இன்னும் அதிகமாகக் குடித்தான். பிறகு ஒருநாள் வண்டியைக் கொண்டுபோய் ரோட்டுச் சிறுபாலத்தின் கலுங்குச் சுவரில் இடித்தான். நல்லவேளை, குறுக்கே யாரும் வரவில்லை. அந்தப் பயம்தான் அவனைக் குடி நிறுத்தும் மையத்துக்குக் கொண்டுபோனது. திரும்பி வந்தவன் ஞாயிறுதோறும் ஆலயத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தான். சபையே சந்தோஷப்பட்டது. நான் அழுதேன். இனி பாக்கி ஒன்றுதான், மைனி வீட்டுக்கு வரவேண்டும் என்று தினமும் ஜெபித்தேன்.

எனவே அண்ணன் கேட்டதும் உடனே சரியென்றேன். தனியாகப் போகத் தயக்கமாக இருந்ததால் எங்கள் போதகரையும் அழைத்துக்கொண்டேன். வயதில் என்னைவிட இளையவர், பொறுமைசாலி.

மைனி எங்களைப் பார்த்ததும் வந்த விஷயத்தைப் புரிந்துகொண்டாள். நாற்காலிகளைத் துடைத்துப் போட்டு, பால் சேர்க்காத கட்டஞ்சாயா கொண்டுவந்து தந்தாள். போதகர் மெதுவாகத்தான் ஆரம்பித்தார். தேவன் நம்மை மன்னித்தது, நாமும் மன்னிக்கவேண்டியது, அண்ணனுக்குள் நடந்திருக்கும் மாற்றம். அவர் முடிக்கும்வரை மைனி குறுக்கிடவில்லை.

"பாஸ்டர், நான் அவர மன்னிச்சாச்சு," என்றாள். "இன்னிக்கு இல்ல. ஆஸ்பத்திரியில கையில மருந்து கெட்டிக் கிடந்தப்பவே. வெறுப்ப வச்சுக்கிட்டு என்னால ஜெபிக்க முடியல்ல. அதனால விட்டேன்."

"அப்படின்னா வீட்டுக்கு வரலாமே மைனி," என்று நான் அவசரப்பட்டேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "மக்கா, இந்த ரோட்டுல ஒரு வண்டி வந்து பிரேக் போட்டா, இன்னும் எனக்க நெஞ்சு கெடந்து அடிக்கும். கதவு பூட்டியிருக்கான்னு எழும்பிப் போய்ப் பாப்பேன். நான் மன்னிச்சது எனக்குத் தெரியும், கர்த்தருக்குத் தெரியும். எனக்க உடம்புக்கு அது இன்னும் தெரியல்ல. அதுக்கு நான் என்ன செய்ய?"

போதகர் சாயா கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு ஜெபிக்கலாமா என்று கேட்டு, மிகச் சின்னதாக ஒரு ஜெபம் செய்தார். இந்த வீட்டில் சமாதானம் இருக்கட்டும், இந்த மகள் பயமில்லாமல் தூங்கட்டும். அவ்வளவுதான். சேர்த்து வையும் என்ற வார்த்தை அதில் வரவே இல்லை.

திரும்பும் வழியில் அவர் சொன்னார்: "டீச்சர், நான் மன்னிப்பப் பத்தி எத்தனையோ பிரசங்கம் பண்ணியிருக்கேன். எல்லாம் தப்பு செஞ்சவங்க பக்கத்துல நின்னு பண்ணினதுதான். அடிபட்டவங்க அதக் கேட்டுட்டு எப்படி வீட்டுக்குப் போயிருப்பாங்கன்னு யோசிச்சதில்ல."

அண்ணனிடம் சொன்னபோது அவன் கோபப்பட்டான். "மன்னிச்சவ எதுக்கு வரமாட்டா? அப்ப அது என்ன மன்னிப்பு?" குடியில் நடந்ததுக்கு இன்னும் எத்தனை காலம் தண்டனை என்று கத்தினான். குடியில் நடந்தது, அறியாமல் நடந்தது. அந்தப் பானையைப் பற்றிப் பேச நேரும்போதெல்லாம் அவன் இப்படித்தான் சொல்வான், பானை தானே எழும்பிப் போய்க் கவிழ்ந்ததுபோல. அடுத்து வந்த சில ஞாயிறுகளில் ஆலயத்துக்கே வரவில்லை. மறுபடி குடித்துவிடுவானோ என்று பயந்து தினமும் மாலையில் அவன் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். குடிக்கவில்லை. டி.வி.யைப் போட்டுவிட்டு அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பான்.

ஊரில் பேச்சு அவன்மீது இரக்கமாகவும் மைனிமீது பழியாகவும் திரும்பியது. திருந்தி வந்தவனை ஏற்றுக்கொள்ளாத கல்நெஞ்சுக்காரி. ஒரு ஞாயிறு, அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, சபையின் பெண்கள் ஐக்கியத்தைச் சேர்ந்த ஒரு அம்மா நேராகவே கேட்டுவிட்டார்: "புருசன்கூடச் சேராம இருந்துக்கிட்டு நீ எப்பிடி திருவிருந்து எடுக்க?"

மைனி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து அமைதியாகச் சொன்னாள். "அக்கா, எனக்க முகம் வீங்கியிருந்த காலத்துல அவரு எடுத்தாரு. அப்ப நீங்க அவர்ட்ட கேட்டியளா?"

நானும் கேட்டதில்லை. நான் அந்தக் காலத்தில் அதே ஆலயத்தில், அதே வரிசையில் இருந்தவள்.

அந்த வருட மழைக்காலத்தில் அண்ணன் விறகு ஏற்றிய வண்டியின் மேலே நின்று கயிறு கட்டும்போது வழுக்கி விழுந்தான். இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். எனக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை நேரம். குவைத்திலிருந்து மகள் வீடியோ காலில் அழுதாள், அவளுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. என் வீட்டுக்காரரும் நானும் மாறி மாறிப் போய் இரண்டு நாளிலேயே களைத்துப்போனோம். மூன்றாம் நாள் காலை நான் வார்டுக்குள் நுழைந்தபோது, கட்டிலுக்குப் பக்கத்தில் மைனி நின்றிருந்தாள். ஒரு பை, ஒரு பிளாஸ்க், மடித்த பழைய வேட்டிகள்.

"நீ ஸ்கூலுக்குப் போ. நான் பாத்துக்கிடுவேன்," என்றாள்.

யாரும் அவளைக் கூப்பிடவில்லை. மகள் சொல்லித்தான் அறிந்திருக்கவேண்டும். அண்டியாபீஸில் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அவனைத் துடைத்தாள், மலசலம் எடுத்தாள், கஞ்சி ஆற்றிக் கொடுத்தாள். தழும்பு ஓடிய அந்த இடது கையால் அவன் தலையைத் தாங்கிப் பிடித்துக் கொடுப்பாள். அவன் அந்தக் கையைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்துக் குடிப்பான். பக்கத்துக் கட்டில்காரர்கள் இவளைப்போல ஒரு மனைவி கிடைக்க வேண்டுமே என்றார்கள். பார்க்க வந்த சபையார், கர்த்தர் விழத் தள்ளியாவது சேர்த்துவிட்டார் என்றார்கள். அண்ணன் முகத்திலும் அந்த நம்பிக்கை தெரிந்தது. எனக்கும் இருந்தது, மறைப்பானேன்.

டிஸ்சார்ஜ் ஆன அன்று மதியம் ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பல வருடம் கழித்து மைனி அந்த வீட்டுக்குள் வந்தாள். அடுக்களைக்குள் போகுமுன் நிலைப்படியில் கொஞ்சம் நின்றாள், பிறகு போனாள். சோறு வைத்தாள், சாளைமீன் குழம்பு வைத்தாள். கட்டிலை ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் போட்டு, மாத்திரைகளை எந்த நேரத்துக்கு எது என்று எனக்குச் சொல்லித் தந்தாள். எல்லாம் முடித்துக் கை கழுவிவிட்டு, பையை எடுத்தாள்.

அண்ணனுக்கு அப்போதுதான் புரிந்தது. "நீ போறியா?"

"போறேன். காலையில வந்து பாப்பேன்."

பழைய கோபம் வரும் என்று நான் எதிர்பார்த்தேன். வரவில்லை. அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். பிறகு சொன்னான்: "அன்னிக்கு நான் பானைய உனக்க மேல கவுத்தேன்."

மைனி அவன் பக்கம் திரும்பினாள்.

"குடிச்சிருந்தேன். ஆனா தெரியாம செய்யல்ல. சுடும்னு தெரியும். தெரிஞ்சுதான் செஞ்சேன். ஆஸ்பத்திரியில நீ எனக்குக் கஞ்சி தரும்போ எல்லாம் இத சொல்லணும்னு நெனச்சேன், வாய் வரல்ல." பிறகு அவள் பக்கம் திரும்பினான். "உனக்குப் பல்வலியும் ஒருநாளும் இல்ல. எல்லாம் நான்தான்."

மைனி பையைத் தரையில் வைத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். கை வெந்து கிடந்தபோதுகூட அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. நான் அடுக்களைக்குள் போய்விட்டேன். அங்கே நின்றபோது அண்ணனின் குரல் கேட்டது.

"எழும்பு. வெளிச்சம் இருக்கும்போதே போ. இருட்டினா அந்த ரோட்டுல டிப்பர் கண்ணு தெரியாம ஓடும். ஏட்டி, நீ கூடப் போய் இவள ஆட்டோல ஏத்திவிட்டுட்டு வா."

தன்னைவிட்டுப் போகிறவள் பத்திரமாகப் போகவேண்டும் என்று அவன் நினைத்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. ஆட்டோவுக்காக நிற்கும்போது நான் மைனியிடம் கேட்டேன்: "நீங்கதான் எப்பவோ மன்னிச்சாச்சே. பின்ன இன்னிக்கு ஏன் இப்படி அழுதிய?"

"மன்னிக்கியதுக்கு அவரு ஒண்ணும் சொல்லவேண்டாம் மக்கா. அது எனக்கும் கர்த்தருக்கும் உள்ளது," என்றாள். "ஆனா நடந்தது நடந்ததுன்னு அவரு வாயால ஒருதடவ கேக்கணும்னு எனக்குள்ள இருந்திருக்கு. இன்னிக்கு வரைக்கும் அது எனக்கே தெரியாது."

அதன்பிறகு அண்ணன் மெல்ல மெல்ல நடந்தான். வண்டியை விற்றுவிட்டு ஒரு ஹார்டுவேர் கடையில் உட்கார்ந்து செய்யும் வேலைக்குப் போகிறான். இரண்டு பேரும் இன்றும் இரண்டு வீடுகளில்தான் இருக்கிறார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவன் கைத்தடியை ஊன்றிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போவான். போகுமுன் போன் செய்து வரட்டுமா என்று கேட்பான். சில வாரம் அவள் வேண்டாம் என்பாள். அந்த வாரம் என் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் போவான். முகம் சுருங்குவதில்லை. கூப்பிட்ட வாரங்களில் மதியச் சாப்பாடு, மகளோடு வீடியோ காலில் பேச்சு, நாலுமணிச் சாயா, பிறகு கிளம்பிவிடுவான்.

தேவனுடைய அன்பைப் பற்றி எனக்கு இருந்த எண்ணம் இவர்களைப் பார்த்துத்தான் மாறியது. மன்னிப்பு என்றால் உடைந்ததை ஒட்டி, பழையபடி அதே இடத்தில் வைப்பது என்று நினைத்திருந்தேன். நான் கேட்டதும் அதைத்தான். கிடைத்தது அது இல்லை. பொய் சொல்லாத ஓர் ஆணும், பயமில்லாமல் தூங்கும் ஒரு பெண்ணும் கிடைத்தார்கள். இதைவிடப் பெரிய பதிலை எனக்குக் கேட்கவே தெரிந்திருக்காது. வீட்டில் அடிபட்டு ஆலயத்தில் வந்து உட்காரும் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்கு ஒன்று சொல்வேன். நீங்கள் மன்னிப்பதைக் கர்த்தர் ஏற்றுக்கொள்கிறார். உங்கள் பயத்தையும் அவர் அறிவார். ஒன்றைக் காட்டி மற்றதைப் பொய் என்று சொல்கிறவர் அவர் அல்ல.

போன மாதம் மைனி வீட்டில் கருப்பட்டிச் சாயா குடித்துக்கொண்டிருந்தபோது, ஆசை அடங்காமல் கேட்டுவிட்டேன். "மைனி, என்னைக்காவது அங்க போயிருவியளா?"

அவள் சிரித்தாள். "அறியாது மக்கா. கர்த்தர் சொன்னா பாப்போம். அவரு இன்னும் ஒண்ணும் சொல்லல்ல, நீங்கதான் எல்லாரும் சொல்லிக்கிட்டு இருக்கிய."

பிறகு எழும்பிப் போய், அண்ணனுக்குக் கொடுத்துவிடச் சொல்லி ஒரு தூக்குவாளியில் மீன்குழம்பு ஊற்றித் தந்தாள்.