ஸ்டாப் மடக்கு

பஸ் டிப்போவில் எல்லோரும் அவளை இண்டிகேட்டர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், அவளே வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பாள்.

இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது டிப்போ மெக்கானிக் வீட்டில். யாரோ வேண்டாமென்று தூக்கிப்போட்ட வீடியோ கேம் பெட்டியை மெக்கானிக் எடுத்து வந்து, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, மறுபடி பூட்டி, தன் வீட்டு டிவியில் மாட்டிவிட்டார். கார்ப் பந்தயம். டிரைவர்கள் சிலருக்கு வார விடுமுறை செவ்வாய்க்கிழமை. அதனால் திங்கள் சாயங்காலம் ஷிப்ட் முடிந்ததும் இரண்டு மூன்று பேர் அங்கே போய் உட்கார்ந்துவிடுவார்கள். அக்கா முதல்முறை அந்த ரிமோட்டைக் கையில் வாங்கி, குழந்தையைப் புரட்டிப் பார்க்கிற மாதிரி முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "எல்லாம் இருக்கு, இண்டிகேட்டர் எங்க?" என்று கேட்டாள். அவ்வளவுதான். மறுநாள் விடிவதற்குள் டிப்போ முழுக்கப் பெயர் பரவிவிட்டது.

அதைவிடப் பெரிய கூத்து ஒன்று உண்டு. டிவிக்குள் ஓடுகிற சாலையில், அழகுக்காக அங்கங்கே பஸ் ஸ்டாப் வரைந்து வைத்திருப்பார்கள். நிழற்குடை, அதன் கீழே பையோடு நிற்கிற பொம்மை மனிதர்கள். பந்தயக் கார்கள் அதையெல்லாம் திரும்பிக்கூடப் பார்க்காமல் பறக்கும். அக்காவின் கார் மட்டும் ஓரம் கட்டி நிற்கும். அவளா நிறுத்துகிறாள்? இத்தனை வருஷம் பஸ் ஓட்டிய கை நிறுத்துகிறது. ஆள் நிற்பதைப் பார்த்த பிறகு எப்படிப் போவது?

"அக்கா, அது பொம்மை!" என்று கத்துவான் ராக்கெட். டிப்போவிலேயே சின்ன வயசு டிரைவர் அவன். நிஜ பஸ்ஸை ஒழுங்காக ஓட்டுவான், டிவியில்தான் பேய் பிடித்த மாதிரி பறப்பான்.

"பொம்மைன்னா வெயில்ல நிக்கணுமா?" என்பாள் அக்கா.

சிரித்துச் சிரித்து வயிறு புண்ணான மெக்கானிக், அதற்கொரு சட்டம் போட்டார். ஸ்டாப்பில் நிற்கிறவர் தண்டனையாக ஒரு மடக்கு பீர் குடிக்க வேண்டும். அதற்குப் பெயர் ஸ்டாப் மடக்கு. வேறு சட்டங்களும் இருந்தன. வந்ததும் எல்லோருடைய வண்டிச் சாவியும் ஃப்ரிட்ஜ் மேலிருக்கும் பிஸ்கட் டப்பாவுக்குள் போய்விட வேண்டும். ஆட்டம் முடிந்து வீட்டுக்கு நடைதான். டிவிக்குள்ளேகூட, கார் ஓடும்போது கிளாஸைத் தொடக்கூடாது. நிறுத்திவிட்டுத்தான் குடிக்கலாம். இவ்வளவையும் நடத்திவைப்பது மெக்கானிக்கின் மனைவி. முன்னாள் கண்டக்டர். எல்லோருக்கும் அண்ணி. அவள் "ரைட்!" என்று குரல் கொடுத்தால்தான் பந்தயம் கிளம்பும்.

இப்படி விளையாட்டாகப் போய்க்கொண்டிருந்த இடத்தில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்து குறுக்கே விழுந்தது. அன்றைக்கு லீவு வேண்டுமென்று மூன்று பேர் மேனேஜர் முன்னால் போய் நின்றார்கள். ராக்கெட்டுக்குத் தான் விரும்புகிற பெண்ணின் அப்பா அம்மாவை முதல்முறையாகப் போய்ப் பார்க்க வேண்டும். டேங்க் என்கிற குண்டு டிரைவருக்குக் கால்பந்து இறுதி ஆட்டம் பார்க்க வேண்டும். அக்கா காரணம் எதுவும் சொல்லவில்லை. "வேணும்" என்றாள், அவ்வளவுதான்.

"ஒருத்தருக்குத்தான் தர முடியும். யாருன்னு நீங்களே பேசி முடிச்சுட்டு வாங்க" என்று மேனேஜர் கையை விரித்தார்.

"பேசினா சண்டை வரும். திங்கக்கிழமை ஆடி முடிச்சுக்கலாம்" என்றார் மெக்கானிக். ராக்கெட் அப்போதே ஜெயித்துவிட்ட மாதிரி சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டான்.

அக்காவுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அவள் பெண் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்க்கிறாள். பார்த்து இரண்டு வருஷம் ஆகிறது. அந்தக் கப்பல் இந்த ஊர்த் துறைமுகத்துக்கு ஞாயிறு காலையில் வருகிறது, சாயங்காலம் கிளம்பிவிடும். "அம்மா, நீ கீழ வந்து நின்னு கையாட்டினாக்கூடப் போதும்மா" என்று போனில் சொல்லியிருந்தாள்.

வீட்டில் அவள் கணவர் தையல் மெஷினை நிறுத்திவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்மா, பொண்ணு வர்றான்னு ஒரு வார்த்தை சொன்னா அவனுங்களே விட்டுக்குடுத்துடுவானுங்களே! வாயில என்ன கொழுக்கட்டையா?"

"அதுக்குத்தான் சொல்லல."

"என்னது?"

"இங்க பாருங்க. நான் அந்த டிப்போல சேர்ந்தப்ப, 'பாவம் பொம்பள, சின்ன ரூட்டா குடுங்க'ன்னாங்க. பாவம்ங்கிற அந்த வார்த்தைய ஒழிச்சுக்கட்ட எனக்கு எத்தன வருஷம் ஆச்சு? இப்ப நானே போய் அதைத் திரும்ப வாங்கிட்டு வரணுமா? ஆடித்தான் வாங்குவேன்."

"நீயா? பொம்மைக்கு பஸ் நிறுத்துற நீயா?"

அவள் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அது அவருக்குத் தெரியாததல்ல. அந்த வாரம் முழுக்க வீட்டில் தோசைக்கரண்டியை ரிமோட் மாதிரிப் பிடித்துக்கொண்டு, "நிக்காதே, நிக்காதே" என்று கைக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

திங்கள் சாயங்காலம் சாவிகள் டப்பாவுக்குள் விழுந்தன. லீவுப் பந்தயம் என்பதால் மெக்கானிக் புதிதாக ஒரு சட்டம் சேர்த்தார். ஆளுக்கு ஒரு பெரிய கிளாஸ் நிறைய பீர். எல்லைக்கோட்டைத் தாண்டும்போது கிளாஸ் காலியாக இருக்க வேண்டும். சொட்டு மிச்சமிருந்தாலும் தாண்டியது செல்லாது.

"பூ!" என்றான் ராக்கெட். "கோட்டுக்கிட்ட நிறுத்தி ஒரே மூச்சுல அடிச்சுட்டுப் போயிட்டே இருப்பேன்."

"எனக்கெல்லாம் இது வாய் கொப்பளிக்கவே பத்தாது" என்றார் டேங்க்.

அண்ணி சோபா கைப்பிடியில் ஏறி உட்கார்ந்து, பழைய பஸ்ஸில் நின்ற அதே தோரணையில், "ரைட்!" என்றாள்.

மூன்று கார்களும் கிளம்பின. ராக்கெட் கண்மூடித் திறப்பதற்குள் திருப்பத்தைத் தாண்டிவிட்டான். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு போனாள். நிக்காதே, நிக்காதே. முதல் ஸ்டாப் வந்தது. நிழற்குடைக்குக் கீழே தொப்பி போட்ட ஒரு பொம்மை. கார் சமர்த்தாக ஓரம் கட்டி நின்றது.

"ஸ்டாப் மடக்கு!" என்று எல்லோரும் கூவினார்கள்.

அக்கா தன் கையைத் தானே திட்டிக்கொண்டு ஒரு மடக்கு குடித்துவிட்டு ஓட்டினாள். அடுத்த ஸ்டாப்பிலும் அதே கதை. அதற்கடுத்ததிலும். ஒரு வார தோசைக்கரண்டிப் பயிற்சி காற்றில் போயிற்று. கண் கலங்கிவிடுமோ என்று பயந்தாள். கீழே நின்று கையாட்டினால் போதும் என்று சொன்ன குரல் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

டேங்க் ஒரு பாலத்தில் காரைத் தாறுமாறாக நிறுத்தி, கிளாஸை அண்ணாந்து ஒரே மூச்சில் காலி செய்தார். பெருமையாக மீசையைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், பின்னால் வந்த பொம்மை லாரி இடித்துக் கார் கடலுக்குள் போயிருந்தது.

"ஓரமா நிறுத்தணும்னு தெரியாதாடா உனக்கு? எத்தன வருஷ சர்வீஸ்!" என்றார் மெக்கானிக்.

ராக்கெட் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் போய் ஜம்மென்று நிறுத்தினான். சொன்னபடி ஒரே மூச்சாகக் கவிழ்த்தான். ரிமோட்டோடு அவன் போட்ட ஆட்டத்தில் அலுங்கிக் குலுங்கியிருந்த பீர், பாதித் தொண்டையில் நுரைத்துக்கொண்டு மூக்கு வழியாகப் புறப்பட்டது. இருமினான். கண்ணைத் துடைத்தான். மறுபடி ஒரு வாய். ஏப்பம். மறுபடி இருமல். கிளாஸில் இன்னும் பாதி அப்படியே நின்றது.

அப்போதுதான் அண்ணி அக்காவின் கிளாஸைப் பார்த்தாள். ஸ்டாப்புக்கு ஒரு மடக்காகக் குறைந்து குறைந்து, அது துடைத்து வைத்த மாதிரி காலியாக இருந்தது.

"அடியாத்தி! உன் கிளாஸைப் பாரு!"

அக்கா பார்த்தாள். நிமிர்ந்தாள். நேரே ராக்கெட்டின் நின்ற கார், அதற்கப்பால் எல்லைக்கோடு. அந்தக் கோட்டுக்கு நாலடி முன்னால் கடைசியாக ஒரு ஸ்டாப். அதில் பையைக் கட்டிக்கொண்டு ஒரு கிழவிப் பொம்மை.

கார் நின்றது.

"போ அக்கா! போ!" என்று மெக்கானிக் கூரை அதிரக் கத்தினார். ராக்கெட் மூக்கில் நுரையோடு அவசர அவசரமாகக் குடித்தான். அக்காவின் விரல் அசையவில்லை. ஏறுகிற ஆள் ஏறினாரா, இறங்குகிற ஆள் இறங்கினாரா, யார் சொல்வது? சொல்லாமல் எப்படி எடுப்பது?

அண்ணிக்கு அது புரிந்தது. உலகத்தில் அவளுக்கு மட்டும்தான் அது புரியும். சோபா கைப்பிடியைப் பட்டென்று தட்டினாள். "ரைட்! ரைட்! போலாம்!"

கார் கிளம்பிக் கோட்டைத் தாண்டியது.

"இது போங்கு! நடுவுல உதவி பண்ணக்கூடாது!" என்றார் டேங்க், கடலுக்குள் இருந்துகொண்டே.

"ஸ்டாப்ல நின்ன வண்டிக்கு ரைட் குடுக்கிறது என் வேலைடா. நீ முதல்ல உன் வண்டியக் கரையேத்து" என்றாள் அண்ணி. அதற்கு மேல் யாரும் வாய் திறக்கவில்லை. ராக்கெட்டுக்குத் திறக்க முடியவில்லை, விக்கல்.

ஞாயிறு காலையில் அக்காவும் கணவரும் நல்ல துணி உடுத்திக்கொண்டு ஸ்டாப்பில் போய் நின்றார்கள். மகளுக்குத் தைத்த புதுச்சட்டை அவர் கையில் ஒரு பையில் இருந்தது. துறைமுக பஸ் வந்தது. இண்டிகேட்டர் மினுக்க, ஓரம் கட்டி, கோட்டில் கச்சிதமாக நின்றது. டிரைவர் சீட்டில் ராக்கெட். அக்காவின் டியூட்டி அவன் தலையில்தான் விழுந்திருந்தது.

"எங்கக்கா காலங்காத்தால?"

"துறைமுகத்துக்கு. என் பொண்ணு கப்பல் வருது. சாயங்காலம் போயிடும்."

ராக்கெட் ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டான். "அநியாயம் பண்றியேக்கா! முன்னாடியே சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா நீ தோத்துக் குடுத்திருப்ப."

"ஆமா!"

"அதான் சொல்லல. அடுத்த ஞாயிறு உன் மாமனார் வீட்டுக்குப் போயிட்டு வா. உன் வண்டிய நான் எடுக்கிறேன்னு மேனேஜர்கிட்ட சொல்லியாச்சு. போறப்ப வாயை ஒழுங்கா வச்சுக்க. அங்க ஒரே மூச்சுல எதையும் குடிக்காத."

கணவர் சிரிப்பை அடக்கப் பையால் முகத்தை மூடிக்கொண்டார். அக்கா முன்சீட்டில், சாலை நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள். ராக்கெட் வண்டியை எடுக்காமல் கண்ணாடியில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். எதற்கென்று அவளுக்குப் புரிந்தது. கம்பியை ஒரு தட்டுத் தட்டினாள்.

"ரைட். போலாம்."