பதினாலாம் நம்பர் வீட்டில் கடல்

போன வாரம் சென்னையில் ஒரு புத்தக வெளியீட்டுக்குப் போயிருந்தேன். போகாமலே இருந்திருக்கலாம். மேடைக்கு ஒலிபெருக்கி வைத்தவன் என் மச்சினன் மகன். கூட்டம் வராது என்று பயந்து சொந்தக்காரர்களையெல்லாம் கூப்பிட்டிருந்தான். படம் போட்ட சிறுகதைகள். சாதாரணப் புறநகர்த் தெருக்களில் நடக்கும் மாயங்கள் என்று அட்டையிலேயே போட்டிருந்தார்கள். தமிழில் இதுதான் முதல் முறை என்று ஒருவர் சொன்னார். அவருக்கு அடுத்துப் பேசிய நாலு பேரும் அதையே சொன்னார்கள். ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. புத்தகத்தைப் பிரித்து மூக்கருகே கொண்டுபோனேன், பழைய பழக்கம். ஒரு வாசனையும் இல்லை.

அச்சடித்த தாளில் மண்ணெண்ணெய் வாடை இருக்க வேண்டும் என்று நினைக்கிற தலைமுறை நான். ஈய எழுத்துகளை மண்ணெண்ணெய் விட்டுத்தான் கழுவுவார்கள். அந்த வாடை சட்டையில் ஏறி, சோற்றில் ஏறி, பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் நகர்ந்து உட்காரும் அளவுக்கு என்னோடு வந்தது. எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வந்த புதிதில், அங்கே ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். வயது இருபத்திரண்டு. பி.யு.சி.யில் கணக்கில் தோற்றவன். ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்று தெரியும். அது ஒன்றுதான் தெரியும். அதை வைத்துக்கொண்டு என்னை ஒரு இலக்கியவாதி என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன். அச்சடித்ததென்னவோ கல்யாணப் பத்திரிகை, உப்புக் கம்பெனி பில் புத்தகம், கோயில் கொடை நோட்டீஸ்.

முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்போம். அவருக்கு இரண்டு ஆசைகள். ஒன்று மக்ரூன், முந்திரியும் முட்டை வெள்ளையும் போட்டுச் சுடுகிற எங்கள் ஊர்த் தின்பண்டம். புரூஃப் தாளின் மேலேயே வைத்துத் தின்பார். எண்ணெய் படிந்த இடத்தில் நான் பிழை திருத்தினால் மை ஒட்டாது. இன்னொன்று, தான் எழுத்தாளர் என்று ஊர் சொல்ல வேண்டும். எழுதத்தான் வராது. ஆனால் அச்சகம் சொந்தமாக இருந்தது. ஆகவே 'மாயச்சிப்பி' என்று ஒரு மாதப் பத்திரிகை ஆரம்பித்தார். முதல் இதழுக்கு ஆசிரியவுரை எழுத எட்டு நாள் ஆனது. அதில் 'முத்தமிழ்' என்ற சொல் பதினோரு தடவை வந்தது. குறைக்கச் சொன்னேன். ஒன்பது ஆக்கினார்.

அந்தப் பத்திரிகைக்குப் படம் போட வந்தவர்தான் ரூபி டீச்சர். நாசரேத்துக்காரர். ஒரு பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சர். முப்பத்தைந்து வயதிருக்கும், கல்யாணம் ஆகவில்லை, அம்மாவோடு இருந்தார். ஊருக்கு வெளியே உப்பளத்தைத் தூர்த்து மனை போட்டு ஒரு காலனி எழும்பியிருந்தது. அங்கே வாடகை வீடு. காலனியின் பெயர் வேண்டாம். துறைமுகக் குமாஸ்தாக்கள், வங்கிக்காரர்கள், ஓய்வு பெற்ற அதிகாரிகள் என்று எல்லாரும் தங்களை ஊரைவிட ஒரு படி மேலே வைத்துக்கொண்ட இடம். தெருவுக்குப் பெயர் வைக்க மூன்று கூட்டம் போட்டார்கள். தெருவில் விளக்கு மட்டும் கிடையாது.

டீச்சர் படத்தோடு கதையும் கொண்டுவந்தார். எல்லாம் அந்தக் காலனியில் நடப்பவை. ஒரு கதையில் தெருக்குழாயில் தண்ணீருக்குப் பதில் சிப்பி விழும். பெண்கள் குடத்தில் பிடித்துக்கொண்டு போய் உடைத்தால் உள்ளே முத்து இருக்காது. அந்தந்த வீட்டில் என்றைக்கோ தொலைந்துபோன சாமான் இருக்கும். கம்மல் திருகு, பால்பல், வேலை மாற்றல் உத்தரவு. ஒருத்தி மட்டும் தன் சிப்பியை உடைக்காமல் அடுப்படியில் ஒளித்துவைப்பாள். அவ்வளவுதான் கதை. படத்தில் குடத்தோடு நிற்கிற பெண்களின் முகங்களைப் பார்த்தால், இவளை நேற்று மார்க்கெட்டில் பார்த்தோமே என்று தோன்றும். அச்சுக்கு உலோக பிளாக் செய்ய மதுரைக்குப் போன படத்தை அங்கே ஒரு ஆள் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு திருப்பித் தரவில்லை.

அண்ணாச்சி கதையைப் படித்தார். மக்ரூனைக் கீழே வைத்துவிட்டுப் படித்தார். அதிலிருந்தே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். பிறகு என்னை உள்ளே கூப்பிட்டு, டீச்சர் எழுத்து, அச்சுக் கோக்கிற கம்பாசிட்டருக்குப் புரியாது, நீ ஒரு காப்பி எடு, எடுத்துவிட்டு அந்தத் தாளைக் கிழித்துப் போடு என்றார். டீச்சர் எழுத்து கோலம் மாதிரி இருக்கும், யாருக்கும் புரியும். நான் கேள்வி கேட்கவில்லை. அழகாகக் காப்பி எடுத்தேன். அவர் தாளை ஒழுங்காக நாலாக மடித்துக் கிழித்தேன். இதழ் வந்தபோது கதைக்கு அண்ணாச்சி பெயர் இருந்தது. ஓவியம்: ரூபி என்று ஓரத்தில் எறும்பு மாதிரி ஒரு வரி.

டீச்சர் வந்து கேட்டார். அண்ணாச்சிக்குக் கொஞ்சமும் வேர்க்கவில்லை. பொம்பிளைப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம், ஒரு டீச்சர் மாயமந்திரம் எழுதுகிறாள் என்றால் வேலைக்கு ஆபத்து, உங்களுக்காக இந்தப் பாரத்தை நான் சுமக்கிறேன் என்றார். திருடியதைக் கைம்மாறு கருதாத தொண்டாகச் சொல்ல ஒரு தனித் திறமை வேண்டும். அது அவரிடம் நிறைய இருந்தது. டீச்சர் வெளியே வந்து என் மேசையருகே நின்றார்.

"பேரு கெடக்கட்டும் தம்பி. யாராவது படிச்சாச் சரி" என்றார்.

படித்தார்கள். பத்து மாதம் அப்படியே போயிற்று. ஏரல் சந்தைக்குப் போன இடத்தில் அண்ணாச்சியை ஒரு வாத்தியார் காலைத் தொட்டுக் கும்பிட்டாராம். அதை எங்களிடம் நாலு தடவை சொன்னார். இலக்கியச் சங்கக் கூட்டங்களில் 'கதை பிறந்த கதை' என்று பேசப் போனார். கற்பனை எப்படி வருகிறது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு, "அது வாரப்ப வரும்" என்பார். டீச்சர் எழுதிக் கொடுத்தால் வரும் என்று எனக்குத் தெரியும். நானும் கைதட்டினேன்.

பதினோராவது கதைதான் பதினாலாம் நம்பர் வீடு. காலனியில் ஒரு வீட்டுக்குள் தினமும் மத்தியானம் மூன்று மணிக்குக் கணுக்கால் அளவு கடல் வரும். குடியிருக்கிற குடும்பம் பழகிக்கொள்ளும். பிள்ளைகள் கட்டிலில் உட்கார்ந்து தண்ணீரில் காலை ஆட்டிக்கொண்டே வீட்டுப்பாடம் எழுதும். அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அப்பளம் பொரிப்பாள். அவர்கள் காலி செய்ததும் வீட்டுக்காரர் வாசலில் 'கடல் வசதி உண்டு' என்று பலகை மாட்டுவார். அந்த வரியை எழுத்துக்கூட்டிக் கோக்கும்போதே கம்பாசிட்டர் சிரித்தார்.

காலனி சிரிக்கவில்லை. அங்கே நிஜமாகவே ஒரு பதினாலாம் நம்பர் வீடு இருந்தது. அதன் சொந்தக்காரர் மகளைப் பெண் பார்க்க ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வந்தவர்கள், உட்காரும் முன்னால், இங்கே கடல் வருமாமே என்று கேட்டிருக்கிறார்கள். விஷயம் அதோடு நிற்கவில்லை. அந்த வீட்டுத் தரையில் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் உப்புத்தண்ணீர் ஊறுவது உண்மை. அந்த வீட்டில் மட்டுமல்ல, அந்த வரிசை முழுக்க ஊறும். சுவரில் உப்புப் பூக்கும். எல்லாரும் காலண்டர் மாட்டி மறைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வீட்டில் ஏழு காலண்டர் தொங்கியது. இல்லாததை எழுதியிருந்தால் மன்னித்திருப்பார்கள்.

காலனி சங்கத்திலிருந்து ஐந்து பேர் சலவைச் சட்டையில் அச்சகத்துக்கு வந்தார்கள். செயலாளர் ஓய்வு பெற்ற தாசில்தார். இதழை மேசையில் போட்டு, இதை எழுதினது யார் என்றார். அண்ணாச்சி பெயர் கொட்டை எழுத்தில் கதைக்கு மேலேயே இருந்தது. அண்ணாச்சி அதன்மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார்.

"நான் எங்க எழுதுனேன்? எல்லாம் அந்த டீச்சரம்மா எழுதுனது. எம்பேரு சும்மா போட்டுருக்கு. வேணும்னா இவன்ட்ட கேளுங்க."

பத்து மாதம் கண்ணை மூடிக்கொண்டு 'வாரப்ப வரும்' என்றவர். நான் ஆமாம் என்றேன். அந்த விஷயத்தில் நான் வாயைத் திறந்து சொன்ன முதல் உண்மை அதுதான். அதை யாருக்காகச் சொன்னேன் பாருங்கள்.

அவர்கள் நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். நிர்வாகி கெட்ட மனிதர் இல்லை. டீச்சரைக் கூப்பிட்டு, பத்திரிகையில் வேறு ஆள் பெயர்தானே இருக்கிறது, இந்தக் கதைகள் என்னுடையவை அல்ல என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடுங்கள், இதோடு முடிந்தது என்றாராம். ஒரு நாள் தவணையும் கொடுத்தார். டீச்சர் வேலையில்தான் இரண்டு உயிர் சாப்பிட்டது. அந்த ஒரு வரியை எழுதுவார் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம். நானாக இருந்தால் நிர்வாகி சொல்லி முடிக்கும் முன்னால் எழுதி, ஒற்றுப் பிழையும் பார்த்திருப்பேன்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு டீச்சர் அச்சகத்துக்கு வந்தார். அண்ணாச்சி பின்வாசல் வழியாக எங்கோ போய்விட்டார். செருப்பைக்கூட விட்டுவிட்டுப் போயிருந்தார்.

"தம்பி, நான் குடுத்த தாள்ல ஏதாவது இருக்கா? ஒரு பக்கம் போதும்" என்றார். எழுதியது தான்தான் என்று நிர்வாகியிடம் சொல்லப் போகிறாராம். வெறும் வாயால் சொன்னால் பொய் என்பார்கள்.

"அண்ணாச்சி கிழிக்கச் சொல்லிட்டாங்க டீச்சர்."

"கிழிச்சது நீங்கதான?"

ஆமாம் என்றேன். ஆணியில் குத்தி வைத்திருந்த காப்பிகளில் ஒன்றை உருவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஒங்க கையெழுத்து நல்லாருக்கு தம்பி. என்னுதவிட நல்லாருக்கு."

அது பாராட்டில்லை என்று அந்த நிமிஷமே உறைத்தது என்று எழுத ஆசைதான். மத்தியானம் சாப்பிட்டு, வெற்றிலையும் போட்ட பிறகுதான் உறைத்தது.

டீச்சர் பள்ளிக்குப் போய் இப்படி எழுதிக் கொடுத்தார்: 'பதினொரு கதைகளும் நான் எழுதியவை. அவற்றில் மாயம் எல்லாம் கற்பனை. பதினாலாம் நம்பர் வரிசையில் உப்புத்தண்ணீர் ஊறுவது கற்பனை அல்ல, என் வீட்டிலும் ஊறுகிறது.' அதே வாரம் வேலை போயிற்று. வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். அம்மாவையும் இரண்டு டிரங்குப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு, விளாத்திகுளம் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார். வழியனுப்ப நான் போகவில்லை. அன்றைக்கு வேலை அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த இதழிலிருந்து அண்ணாச்சியே எழுதினார். ஒரு நேர்மையான வியாபாரி, அவரைச் சோதிக்க வருகிற மோகினி, கடைசியில் மோகினி அவர் காலில் விழுகிறாள். மூன்று மாதமும் இதேதான். வியாபாரியின் சரக்கு மட்டும் மாறும். நான் பிழை திருத்தினேன். அவர் எழுதிய மூன்றாவது இதழோடு பத்திரிகை நின்றது. தமிழ்ச் சமுதாயம் தயாராகவில்லை என்றார் அண்ணாச்சி.

இப்போது அந்த அச்சகம் இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். ஈய எழுத்தெல்லாம் எடைக்குப் போயிற்று, ஆணியில் குத்தியிருந்த காப்பிகளும்தான். காலனியில் எல்லா வீட்டையும் நாலடி உயர்த்திக் கட்டிவிட்டார்கள். அந்தக் காலத்தில் இங்கே உப்புத்தண்ணி ஊறும் என்று அவர்களே பெருமையாகச் சொல்கிறார்கள். 'மாயச்சிப்பி' ஒரு பிரதிகூட எங்கேயும் இல்லை. என்னிடமும் இல்லை.

டீச்சரைப் பிறகு ஒரே ஒரு தடவை பார்த்தேன். பன்னிரண்டு வருஷம் கழித்து, விளாத்திகுளத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில். அவரே அடையாளம் கண்டு வீட்டுக்குக் கூட்டிப்போய் டீ கொடுத்தார். அம்மா தவறிவிட்டாராம். பழசு எதையும் பேசவில்லை. மன்னிப்புக் கேட்க நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் பிஸ்கட் தட்டை நகர்த்தினார். கிளம்பும்போது ஒன்று கேட்டார்.

"கடைசியா ஒரு கதை குடுத்தேம்லா, அச்சுக்குப் போகல. இன்னும் கட்டாத ஒரு வீட்டுக்குக் கடுதாசி வரும், தபால்காரர் அதப் பையிலயே வச்சிக்கிட்டு அலைவாரு. அது எப்படி முடிஞ்சுது? எனக்கு மறந்து போச்சு தம்பி. நீங்கதான காப்பி எடுத்தீய."

எனக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா, அங்கேயே ஒரு முடிவைக் கட்டிச் சொன்னேன். வீடு கட்டி முடிகிறது, தபால்காரரே அங்கே குடிவருகிறார், கடிதம் அவருக்குத்தான் என்றேன். டீச்சர் முழுக்கக் கேட்டார்.

"அப்படி முடிக்க மாட்டேன் தம்பி" என்றார். கோபமே இல்லை. வாசல்வரை வந்து, பஸ் எங்கே நிற்கும் என்று வழி சொன்னார்.

அவரும் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. அண்ணாச்சி படிக்கும் முன்பே காலனிக்காரர்கள் வந்துவிட்டதால், அந்தக் கதையை முழுசாகப் பார்த்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். காப்பி எடுத்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். கடைசிப் பக்கத்தை என்னவென்று பார்க்காமலே எழுதி முடித்து, அவர் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு ஓடினேன். பஸ் கிடைத்துவிட்டது.