நைனாவுக்கு ஆகாதவை

புத்தலப்பட்டுப் பக்கம் வெல்லம் காய்ச்சும் அடுப்பில் முப்பது வருஷம் கரும்புச் சக்கையைத் தள்ளி எரித்ததில், நாங்கள் நைனா என்று கூப்பிடும் அப்பாவின் நெஞ்சில் புகை குடியேறிவிட்டது. அடுப்பை அவர் விட்டும் இருமல் அவரை விடவில்லை. ஆனாலும் தினமும் குழாயடி வரை நடந்துபோய் வம்பளந்துவிட்டு வருவார்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஊரில் பாதிப் பேர் பெங்களூருக்குப் பிழைக்கப் போனார்கள். நானும் போனேன். டெலிபோன் பாகங்களைப் பூட்டும் கம்பெனி. தங்கிய அறையில் ஆறு பேர். ஒருவன் தும்மினால் வாரம் முழுக்க முறை வைத்துத் தும்முவோம். அதை ஒரு நோயென்று யாரும் மதிக்கவில்லை.

முதல் தடவை ஊருக்குத் திராட்சை வாங்கிப் போனேன். நான்காம் நாள் நைனாவுக்கு மூச்சிழுப்பு கண்டது. படுக்க முடியாமல் கட்டிலில் உட்கார்ந்தே இருந்தார்.

"நீ கொணாந்த திராட்சதான்" என்றாள் அம்மா. திராட்சைக்குத் தடை விழுந்தது. அடுத்த தடவை கேக், அதே இழுப்பு. பிறகு வழியில் பலமனேரில் வாங்கிய கொய்யா. எல்லாவற்றுக்கும் தடை. ஒவ்வொரு இழுப்புக்குப் பின்னும் அவர் பழையபடி தேறவில்லை. குழாயடிப் பேச்சு வாசலோடு நின்றது.

திருப்பதியில் ஒரு நெஞ்சு டாக்டரிடம் அழைத்துப் போனோம். அம்மா ஒப்பித்த பழங்களையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இழுப்புக்கு முன்னால் வீட்டில் யாருக்காவது சளி இருந்ததா என்று தெலுங்கில் கேட்டார்.

"யாருக்கும் இல்ல சார். இவன் மட்டும் மூக்க உறிஞ்சிக்கினு வருவான்" என்றாள் அம்மா.

நமக்கு மூக்கோடு போகிற சளிக் கிருமி, இவருக்கு நெஞ்சில் இறங்கி, கெட்ட நுரையீரலை மேலும் கெடுத்திருக்கலாம் என்றார் டாக்டர். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். இத்தனையைத் தடை செய்த வீட்டில் என்னைத் தடை செய்ய ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கு அழுகை வந்தது. அதைச் சளியென்று நினைத்து அம்மா தள்ளி உட்காரச் சொன்னாள்.

அதிலிருந்து, சளி இருந்தால் ஊருக்கு வரக்கூடாது என்று சட்டம். அந்த வருஷம் பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் எனக்குத் தும்மல் பிடித்தது. வரவில்லை என்று சொல்லியனுப்பிவிட்டு, பொங்கலன்று ஊரில் பக்கத்து வீட்டு போனுக்கு அடித்து அம்மாவைக் கூப்பிடச் சொன்னேன்.

"நைனா எப்டிம்மா கீறாரு?"

"நல்லா கீறாருடா. இழுப்பே இல்ல. காலையில மெயின் ரோடு வரைக்கும் நடந்தே பூட்டாரு."

"எதுக்கு?"

"நீ வர்றியான்னு பாக்கத்தான். வரமாட்டான்னு சொன்னா காதுல போட்டுக்கல. மூணு பஸ்ஸு பாத்துட்டு இப்பத்தான் வந்து குந்தினாரு."