மருமகனுக்குக் கராம்பு

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போக வேண்டும். கிரானிலிருந்து நாவற்குடாவுக்கு நானும் அப்படித்தான் போனேன். போன இடத்தில் கிடைத்த மரியாதையைப் பார்த்து, இத்தனை காலம் என்னைக் கிரானில் வீணாக வைத்திருந்தார்கள் என்று நினைத்தேன்.

சாப்பிட்டுக் கை கழுவியதும் ஒரு சின்னத் தட்டில் கராம்பும் ஏலக்காயும் வரும். மாமி என்னிடம் நேரே பேசமாட்டார். "மருமகனுக்குக் கராம்பு குடு புள்ள" என்று குசினிக்குள்ளிருந்து மகளுக்குச் சொல்வார். காலையில் எல்லாருக்கும் பால் தேத்தண்ணி, எனக்கு மட்டும் இஞ்சி போட்ட பிளேன்டீ. பின்னேரம் வாய் கொப்பளிக்கக் கொய்யா இலை அவித்த தண்ணி. ஹோலில் ஒரு கதிரையை எனக்கென்றே ஒதுக்கியிருந்தார்கள். வாவிக் காற்று வீட்டுக்குள் நுழைந்து, எல்லாரையும் தாண்டி, கடைசியாக என்னைத் தடவிக்கொண்டு வெளியே போகிற இடம் அது. மாமா என்னோடு அரசியல் கதைப்பது முற்றத்தின் அந்தக் கரையிலிருந்து, தென்னைக்குத் தண்ணீர் விட்டபடி. மருமகனுக்கு முன்னால் உட்கார மனுசன் கூச்சப்படுகிறார் என்று பெருந்தன்மையோடு எடுத்துக்கொண்டேன். அம்மாவுக்கு ஃபோன் எடுத்து, "என்ன ராசா மாதிரி வச்சிரிக்காங்க" என்று பீற்றினேன். "நல்லம் மனே" என்றார் அம்மா. உடனே ஃபோனை வைத்துவிட்டார்.

வேலையிலும் நான் ராசாதான். காப்புறுதிப் பொலிசி விற்கிறேன். மேசைக்கு மேலால் குனிந்து, ஆளின் முகத்துக்குக் கிட்டப் போய் விளக்கத் தொடங்கினால் பாதியிலேயே "சரி தம்பி, எங்க சைன் வைக்கிற?" என்று கேட்பார்கள். என் பேச்சுத் திறமையை மேலாளர் கூட்டத்தில் பாராட்டினார். அவரும் அதைத் தூரத்தில் நின்றுதான் சொன்னார்.

ராசாவுக்கு ஒரே ஒரு குறை. மனைவி சுவர்ப் பக்கம் கிறுகித்தான் படுப்பாள். ஏதாவது கதைக்கப் போனால் "நித்திர வருது" என்பாள். பகலில் அவளைப்போல அன்பான பெண் கிடையாது, ஆனால் ஒரு முழம் தள்ளி நிற்கிற அன்பு. எனக்கு மனம் விட்டுப்போயிற்று. தாய் தகப்பனுக்காகக் கழுத்தை நீட்டியவள், என்னைப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டினேன். வாய்விட்டுக் கேட்க ரோசம் விடவில்லை. நான் கட்டாருக்குப் போய்விடுகிறேன், அவள் நிம்மதியாக இருக்கட்டும் என்று ஏஜென்சியில் பாஸ்போட்டைக் கொடுத்தேன். சொன்னபோது அழுதாள். அதையும் சுவரைப் பார்த்துத்தான் அழுதாள்.

போக முன்னர், கொஞ்ச நாளாகக் குத்திக்கொண்டிருந்த பல்லுக்கொதிக்கு ஒரு வழி பார்க்கலாமென்று ஏறாவூரில் ஒரு பல் டொக்டரிடம் போனேன். முக்காடு போட்ட இளம்பெண். "வாயத் திறங்க" என்றார். திறந்தேன். எழுந்து போய், போட்டிருந்த மாஸ்க்குக்கு மேல் இன்னொரு மாஸ்க்கையும் மாட்டிக்கொண்டு வந்தார்.

"கலியாணம் முடிச்சா?"

"ஓம்."

"வீட்ட ஒருத்தரும் ஒண்டும் சொல்றல்லயா?"

"என்னத்த?"

"வாய் நாறுது."

பல்லின் அடியில் கல் பிடித்து முரசுச் சதை பழுத்திருக்கிறதாம். கடைவாய்ப் பல்லில் ஓட்டை. நாக்கில் படை படையாக வெள்ளை. "நான் நாளும் கராம்பு சப்புறன்" என்றேன். "குப்பைக்கு மேல சென்ட் அடிச்சா குப்பை போகுமா?" என்று கேட்டுவிட்டுக் கல்லைச் சுரண்டத் தொடங்கினார். இரவிலும் பல் துலக்க வேண்டும், பல்லிடுக்கை நூலால் எடுக்க வேண்டும், நாக்கை வழிக்க வேண்டும், முரசு ஆறும்வரை திரும்பத் திரும்ப வந்து காட்ட வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லி அனுப்பினார்.

கராம்புத் தட்டும் கதிரையும் மாமா தென்னைக்கு விட்ட தண்ணீரும் பஸ்ஸில்தான் எனக்கு ஒவ்வொன்றாக விளங்கின. வாயை இறுக மூடிக்கொண்டு வந்தேன். எங்கள் பக்கத்துக் கோயில்கள் சிலவற்றில் பூசை செய்கிறவர் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொள்வார், மூச்சு சாமிமேல் படக்கூடாதென்று. சாமிக்கு அந்த வசதி இருக்கிறது. என் மனைவிக்குச் சுவர்தான் இருந்தது.

"ஏன் சொல்லல்ல?" என்று அவளிடம் கேட்டேன்.

"சொன்னா கோவிச்சிக்கிட்டு உங்கட வீட்ட போயிருவீங்க எண்டு அம்மா பயந்தா."

நான் போய்விடக் கூடாதென்று ஒரு வீடே வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது. அதனாலேயே நான் கட்டாருக்குப் புறப்பட்டிருக்கிறேன். ஆத்திரத்தில் பல்லைக் கடிக்கலாமென்றால் அதற்கும் டொக்டர் தடை போட்டிருந்தார்.

பாஸ்போட்டைத் திருப்பி வாங்கினேன். முரசு ஆற ஆற மரியாதையும் இறங்கியது. கராம்பு நின்றது. "தம்பி, இந்தத் தேங்காய உரிச்சித் தாங்க" என்று மாமி நேரே முகத்தைப் பார்த்துச் சொன்னார். காப்புறுதி விற்பனை படுத்துவிட்டது; இப்போது எல்லாரும் ஆற அமர இருந்து கேள்வி கேட்கிறார்கள்.

ஆனால் அம்மாமேல் இருந்த கோபம் ஆறவில்லை. கிரானுக்குப் போய், "பெத்த தாய் நீங்களாவது சொல்லியிரிக்கலாமே" என்றேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"உன்ட அப்பாவுக்கும் இப்பிடித்தான் மனே. சொன்னா மனம் நோவும் எண்டு நான் சொல்லல்ல."

கட்டின நாள் தொட்டு இவளுக்கு என்னைப் பிடிக்கல்ல என்று அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் அதைப் பகிடி என்று நினைத்துச் சிரிப்போம். அம்மாவும் சேர்ந்து சிரிப்பார்.

"மெய்யா, உங்களுக்கு அப்பாவப் பிடிச்சதா?"

"பிடிக்காமயா இவ்வளவு காலம் சொல்லாம இருந்தன்?" என்றார் அம்மா.

அப்பாவை நினைக்கத் தாங்கவில்லை. அன்றே நாவற்குடாவுக்குத் திரும்பிவந்து மனைவியிடம் சொன்னேன், "இனி என்னில எது நாறினாலும் முகத்துக்கு நேர சொல்லு."

அவள் இந்தப் பக்கம் கிறுகி, வாசலில் நான் கழற்றி வைக்கிற சப்பாத்திலிருந்து தொடங்கினாள்.