ஈரம் காட்டிய அட்டை

மூலக்குளத்தில், வில்லியனூர் சாலையில், என் பேட்டரிக் கடையை ஒட்டினாற்போல் பெனிஷாவின் ஹோஸ் கடை. டிராக்டரோ பொக்லைனோ, எண்ணெய் ஓடும் ரப்பர் குழாய் போனால் அவளிடம்தான் வரவேண்டும். ஒன்பது வருடம் தொழிற்சாலையில் ஹோஸுக்கு இரும்பு முனை பொருத்தியவள். முனையை இறுக்குகிற பழைய அமுக்கு மெஷின் ஒன்றை வாங்கித் தனியாகக் கடை போட்டாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்துதான் ஷட்டர் ஏறும், எவன் வந்து கத்தினாலும் சரி. ஆரம்பத்தில் அவளைக் கிண்டலடித்த கூட்டத்தில் நானும் உண்டு. இப்போது வாயைத் திறப்பதில்லை. காரணம் தணிகாசலம்.

அவர் என்னிடம் பேட்டரி வாங்கும் அரியாங்குப்பத்துக்காரர், ஐம்பத்தெட்டு வயது. புது மனைகளுக்கு மண் அடிப்பது தொழில். முன்பக்கம் பக்கெட் வைத்த கிழட்டு டிராக்டர் ஒன்றுதான் சொத்து. பக்கெட்டைத் தூக்கும் ஆறு ஹோஸ்களில் ஒன்றிரண்டு வெடித்து எண்ணெய் ஒழுக, ஒரு பெரிய கடையில் ஆறையும் மாற்று என்று சொல்லி ஒரு விலை சொன்னார்கள். அந்த விலைக்கு டிராக்டரில் பாதியை விற்கவேண்டும். மனிதர் நொந்துபோய், டிராக்டரையே விற்றுவிட, புரோக்கரை வெள்ளிக்கிழமை வரச் சொல்லிவிட்டார்.

“வித்துட்டா அப்புறம் ஏதாவது அபார்ட்மென்ட் வாசல்ல வாட்ச்மேன் நாற்காலிதான்” என்று போனில் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனைப் பெனிஷாவிடம் கொடுத்துப் பேசவைத்தேன்.

“கழட்டி எடுத்தாங்கண்ணே. நல்லா இருக்கறத விட்டுட்டு, போனத மட்டும் போட்டுக்கலாம்” என்றாள்.

புதன்கிழமை தணிகாசலம் மொபெட்டில் வந்து பையைக் கவிழ்த்தார். பன்னிரண்டு துண்டுகள் விழுந்தன.

“இன்னாண்ணே இது?”

“பையில அடங்கலம்மா. ரெண்டு ரெண்டா அறுத்துட்டேன்.”

அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். ஆறில் நான்கு நல்ல ஹோஸ். அதையும் சேர்த்து அறுத்திருந்தார். நான் தலையில் அடித்துக்கொண்டு, வாயில் வந்தபடி திட்டினேன். பெனிஷா திட்டவில்லை.

“வெட்டாதீங்கன்னு நான் சொல்லியிருக்கணும்” என்றாள்.

“ஒட்டுப் போட்டுக் குடேன்” என்று அவர் கெஞ்சினார்.

“மாட்டேண்ணே. எண்ணெ பீச்சி அடிச்சா தோலுக்குள்ள பூந்துடும். கையே போயிடும்.”

பிறகு தரையில் உட்கார்ந்து, அறுத்த வாய்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து நீளம் குறித்தாள். ஆறில் இரண்டு, எண்ணெயை டேங்குக்குத் திருப்பி விடுபவை. அவற்றில் அழுத்தம் குறைவு. அவற்றுக்கு மலிவான ஹோஸே போதும் என்றாள். மீதி நான்குக்கு மட்டும் இரட்டைக் கம்பி பின்னிய ஹோஸை மீட்டர் கணக்கில் வெட்டினாள். பெரிய கடை சொன்ன விலையில் கால்வாசிகூட ஆகவில்லை. பெரிய கடைக்காரனுக்கும் இது தெரியாமலா இருக்கும்? அதை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

வெள்ளிக்கிழமை காலை என்னோடு அரியாங்குப்பத்துக்கே வந்து அவளே மாட்டினாள். புரோக்கரும் சரியாக வந்து நின்றார். பக்கெட் நிறைய மண்ணோடு மேலே ஏறியது. தணிகாசலத்துக்கு வாயெல்லாம் பல். பெனிஷா மட்டும் ஒரு குச்சியின் நுனியில் அட்டைத் துண்டைச் செருகி, ஹோஸ் ஹோஸாக நீட்டிக்கொண்டு போனாள். கையால் தடவிப் பார்க்கிற வேலையே அவளிடம் கிடையாது. ஐந்தாவது ஹோஸின் முனையில் அட்டை ஈரமானது. மிளகு அளவு ஈரம்.

தணிகாசலம் குனிந்து கிசுகிசுத்தார். “அந்தாளு போவட்டும்மா. அப்புறம் பாத்துக்கலாம்.”

“பக்கெட்ட எறக்குங்கண்ணே” என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. “முனைய முழுசா உள்ள தள்ளாம அமுக்கிட்டேன். என் தப்பு. வேற போட்டு எடுத்தாறேன்.”

பக்கெட் தரையைத் தொட்டபிறகு ஹோஸைக் கழற்றிச் சுருட்டி, ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. பத்து நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தால் குடியா முழுகிவிடும்?

புரோக்கர் நெருங்கி வந்தார். “பாத்தீங்களா? இது இனிமே தேறாது. பேசின வெலையில கொஞ்சம் கொறைச்சிக்குங்க, இப்பவே முடிச்சிடலாம்.”

தணிகாசலம் பக்கெட்டைப் பார்த்தார். அவள் போன சாலையைப் பார்த்தார்.

“தன் தப்ப அந்தப் பொண்ணே சொல்லிட்டுப் போவுது. அது போடற ஹோஸ நம்பாம வேற எத நம்பறது? விக்கல சார். நீங்க கெளம்புங்க.”

சற்றுமுன் அவளை மனசுக்குள் திட்டியவன் நான். வெட்கமாக இருந்தது.

மத்தியானம் வியர்க்க வியர்க்க வந்து இறங்கினாள். சுற்றுமுற்றும் பார்த்து முகம் வாடி, “புரோக்கர் எங்கண்ணே? வித்துட்டீங்களா?” என்றாள்.

“அனுப்பிட்டேன். நீ மாட்டும்மா, நாலு மணிக்கு ஒரு மனைக்கு மண்ணு அடிக்க வரேன்னு போன்ல சொல்லிட்டேன்.”